மர்ஹூம் ஜனாப் கரீம் கனி

நேதாஜியின் ஆஸாத் ஹிந்த் அரசாங்கத்தில் ஆலோசகராக விளங்கியவர் ஜனாப் அப்துல் கரீம் கனி. பத்திரிகாசிரியர்; நாவன்மை படைத்தவர்.

1950-ல் நத்ரா என்ற மரியா ஹெர்டோக் வழக்கின்போது, சிங்கப்பூரில் நத்ரா நடவடிக்கைக் குழுவுக்கு அன்னார் தலைமை தாங்கினார். பெண்ணைக் கன்னிமாடத்தில் வைத்ததும், அங்கெடுத்த படங்களைப் பத்திரிகைகள் வெளியிட்டதும் முஸ்லிம்களின் உள்ளத்தைப் புண்படுத்தின. சுல்தான் பள்ளிவாசல் கூட்டத்தில் ஜிஹாதைக் கடைசி வழியென அன்னார் குறிப்பிட்டார். டிசம்பர் 11-ல் கலவரம் மூண்டது. 18 பேர் மாண்டனர். 173 பேர் காயமுற்றனர். அவசரகாலச் சட்டப்படி காவலில் வைக்கப்பட்ட அன்னார், பின்னர் உடல்நலக் குறைவால் விடுதலையானார்.

மனவருத்தம் நியாயமானதே. ஆயினும் கொதித்து நிற்கும் கூட்டத்தின்முன் பேசுவோர் ஒவ்வொரு சொல்லுக்கும் பொறுப்பாளி. படத்தை அச்சிட்டவரும் அவ்வாறே. பினாங்கு இளைஞர்கள் இவ்விரண்டையும் மறவாதிருப்பார்களாக!