நகைச்சுவை வேந்தர் டான் லெனோ

மக்கள் உள்ளத்தில் தோன்றும் மெய்ப்பாடுகளை எட்டு என வகுத்த தொல்காப்பியர், அவற்றுள் நகையையே முதற்கண் வைத்தார். அந்நகை பிறக்கும் நிலைக்களன்களைக் கூறுமிடத்து எள்ளலை முதலில் எண்ணினார். பிறரை எள்ளி நகைத்தல் எளிது. அதனைச் செய்வோர் பலர். எளியோரை எள்ளாமல், அவர்தம் வாழ்க்கையையே எடுத்துக்காட்டி, அவர்களையே மகிழ்ந்து நகைக்கச் செய்தல் அரிது. அவ்வரிய செயலைத் தம் வாழ்நாளெல்லாம் செய்தவர் ஒருவர் இங்கிலாந்து நாட்டில் வாழ்ந்தார். மேடையில் தனியொருவராக நின்று, பேச்சினாலேயே அவையினரை நகைப்பிக்கும் கலை இன்று உலகெங்கும் பரவியுள்ளது. அக்கலைக்குக் கால்கோள் செய்தோருள் அவரும் ஒருவர். அவரே டான் லெனோ என்பார்.

பிறப்பும் இளமையும்

இலண்டன் மாநகரில் செயின்ட் பாங்கராஸ் என்னும் பகுதி உளது. ஏழை மக்கள் நெருங்கி வாழ்ந்த அப்பகுதியில், 1860-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 20-ஆம் நாள் அவர் பிறந்தார். பெற்றோர் அவருக்கு இட்ட பெயர் ஜார்ஜ் வைல்டு கால்வின் என்பது. தந்தையார் ஜான் கால்வினும் தாயார் லூயிசாவும் ஊர்தோறும் சென்று ஆடியும் பாடியும் பிழைத்து வந்தனர். அவர்தம் வருவாய் சிறிது, அதுவும் நிலையற்றது. சில ஆண்டுகளில் அவர்கள் குடியிருந்த இல்லம் இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் செயின்ட் பாங்கராஸ் புகைவண்டி நிலையம் எழுந்தது. தாம் பிறந்த இடம் புகைவண்டி மேடையின் அடியில் கிடக்கிறது என்று பிற்காலத்தில் லெனோ நகைச்சுவையோடு கூறுவதுண்டு.

1864-ஆம் ஆண்டில், நான்கு வயதும் நிரம்பாத சிறுவர் முதன்முதலாக மேடை ஏறினார். உடலை வில்லென வளைத்து வித்தை காட்டும் பிள்ளையாக அவரை மக்கள் கண்டனர். அவ்வாண்டிலேயே தந்தையார் இறந்துபட்டார். இரண்டாண்டுகள் கழித்துத் தாயார் வேறொரு நகைச்சுவைக் கலைஞரை மணந்தார். அவர் மேடையில் பூண்டிருந்த பெயர் லெனோ என்பது. அப்பெயரே சிறுவருக்கும் உரியதாயிற்று. குடும்பம் லிவர்ப்பூல் நகரில் குடியேறியது.

பிற சிறுவர்கள் பலகையும் நூலும் ஏந்திப் பள்ளி செல்லும் பருவத்தில், லெனோ ஊர் ஊராக அலைந்தார். தமையனார் ஹென்றியுடன் சேர்ந்து ஆடினார். தமையனார் வேறு தொழில் கற்கச் சென்றபின், மாமன் முறையினரான ஜானி டான்வர்ஸ் அவருக்குத் துணையாயினார். மாமனாயினும் அவர் லெனோவுக்கு வயதில் ஒத்தவர். இவ்விருவர் நட்பு இறுதிவரை நீடித்தது. நாள்தோறும் கண்ட தெருக்களும், தங்கிய விடுதிகளும், பழகிய ஏழை மக்களுமே லெனோவுக்குப் பாடநூல்கள் ஆயின. அப்பாடத்தை அவர் ஒருநாளும் மறந்தாரல்லர்.

மரக்காலணி நடனம்

இங்கிலாந்தின் வடபகுதியில் பருத்தி ஆலைகள் மிகுதி. ஆலைத் தொழிலாளர் மரத்தாலான அடிப்பகுதியையுடைய காலணிகளை அணிவது வழக்கம். அக்காலணிகளால் தரையைத் தட்டித் தாளம் எழுப்பி ஆடும் நடனம் அம்மக்களிடையே பெரிதும் விரும்பப்பட்டது. கால்களின் ஒலியே அதற்குப் பறையும் முழவும் ஆகும். கேட்போர் செவி கூர்மையானது. ஒரு தட்டுத் தவறினும் கண்டுகொள்வர்.

லெனோ இந்நடனத்தை இளமைமுதல் இடைவிடாது பயின்றார். 1880-ஆம் ஆண்டில் லீட்ஸ் நகரில் மரக்காலணி நடனத்திற்கு உலக வாகையர் போட்டி ஒன்று நடைபெற்றது. பத்தொன்பது வயதினரான லெனோ அதில் வெற்றி பெற்றார். பொன்னும் வெள்ளியும் கொண்டு செய்யப்பெற்ற அரைக்கச்சை ஒன்று அவருக்குப் பரிசாகக் கிடைத்தது. 1884-ஆம் ஆண்டில் லிடியா ரெனால்ட்ஸ் என்னும் பாடகியை மணந்து இல்லறம் ஏற்றார்.

இலண்டனில் ஒரு திருப்பம்

அக்காலத்தில் நகரந்தோறும் மியூசிக் ஹால் எனப்பட்ட இசைக்கூடங்கள் இருந்தன. பகலெல்லாம் உழைத்துக் களைத்தோர் இரவில் சிறுதொகை கொடுத்து அங்கே கூடுவர். கலைஞர் ஒருவர்பின் ஒருவராகத் தோன்றித் தத்தம் திறமையைக் காட்டுவர். நிகழ்ச்சி பிடித்ததாயின் கூட்டம் ஆரவாரிக்கும். பிடிக்காததாயின் கூச்சலிட்டு விரட்டும்.

1885-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் லெனோ கிழக்கு இலண்டனைச் சேர்ந்த மைல் எண்டு பகுதியிலிருந்த இசைக்கூடம் ஒன்றில் தோன்றினார். வாரத்திற்கு ஐந்து பவுன் ஊதியம் எனப் பேசப்பட்டது. அரைக்கச்சை வென்ற தம் நடனத்தைப் பெரிதும் நம்பி அவர் அந்நகருக்கு வந்தார். ஆனால் இலண்டன் மக்கள் மரக்காலணி நடனத்தில் அத்துணை ஈடுபாடு காட்டவில்லை; அவர்தம் நகைச்சுவைப் பாடல்களையே பெரிதும் விரும்பினர்.

இருபது ஆண்டுகள் பாடுபட்டுக் கற்ற ஒன்று வேண்டப்படாதபோது மனம் சோர்ந்து ஊர் திரும்புவோர் உளர். மக்களுக்குச் சுவையில்லை எனப் பழிப்போரும் உளர். லெனோ இவ்விரண்டும் செய்திலர். நடனத்தைச் சுருக்கி, பாடலையும் பேச்சையும் வளர்த்தார். பிள்ளைப்பருவமுதல் தாம் கண்ட எளிய மனிதர்களை மேடைக்கு அழைத்து வரத் தொடங்கினார். அன்று எடுத்த முடிவே அவரைப் புகழின் உச்சிக்கு உயர்த்தியது.

பேச்சின் திறம்

லெனோ மேடைக்கு வரும்போதே அவையில் நகை எழும். குள்ளமான மெல்லிய உடல், பெரிய வாய், வளைந்த புருவங்கள், கவலை தோய்ந்த கண்கள் ஆகியவை அவர்தம் தோற்றம். ஓடோடி வருவார், பாடலில் ஓரடியோ ஈரடியோ பாடுவார், பின்னர்ப் பாட்டை நிறுத்திவிட்டுப் பேசத் தொடங்குவார். பேச்சு நெடுந்தொலைவு சென்று, இறுதியில் பாடலின் மற்றொரு பகுதியோடு முடியும். நாளடைவில் பாட்டுக் குறைந்தது, பேச்சு வளர்ந்தது. தனிநபர் நகைச்சுவைப் பேச்சு என இன்று நாம் கூறும் கலையின் தோற்றத்தை இங்கே காண்கிறோம்.

அவர் மேடையில் காட்டிய மனிதர் யாவர்? மன்னரும் அல்லர், செல்வரும் அல்லர். துணிக்கடையில் வாங்க வருவோரை எதிர்கொண்டு, வளைந்து வணங்கி அழைத்துச் செல்லும் பணியாளர் ஒருவர். இலண்டன் கோட்டையில் வருவோர்க்கு வழிகாட்டும் காவலர் ஒருவர். பழம்பொருள்களைப் பற்றி விளக்கத் தொடங்கும் அவர், கோட்டையின் சிற்றுண்டிச்சாலையில் விற்கும் பண்டங்களின் பழைமையைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார். படைக்கு ஆள் சேர்ப்பவர், புகைவண்டிக் காவலர், கணவரை இழந்த ஏழைப் பெண் எனப் பலரும் இவ்வாறே அவர் உருவில் வந்து நின்றனர்.

இவர்களுள் கெல்லி அம்மையாரைப் பற்றிய பேச்சு குறிப்பிடத்தக்கது. அண்டைவீட்டுப் பெண்ணொருத்தியாக வேடம் பூண்ட லெனோ, ஏதோ ஒரு சச்சரவைக் கூறத் தொடங்குவார். நடுவில் கெல்லி அம்மையாரின் பெயர் வரும். அவரை அவையினர் அறிவரல்லவா என்று வினவுவார். அவர்கள் நகைத்தவுடன், அவ்வம்மையாரை அறியாத ஒருவரும் உலகில் இருக்க இயலுமோ என்று வியந்து நிற்பார். மீண்டும் மீண்டும் அடையாளம் கூற முயல்வார். எடுத்த கதை இடையிலேயே நின்றுவிடும். கெல்லி அம்மையார் மேடையில் தோன்றுவதே இல்லை. ஆயினும் அவையிலிருந்த ஒவ்வொருவரும் தத்தம் தெருவில் வாழும் ஓர் அம்மையாரை நினைந்து நகைத்தனர். வறுமையைக் கண்டு நகையாடினாரல்லர் லெனோ. வறுமைக்கிடையிலும் மாந்தர் கைவிடாத வீம்பையும் பேதைமையையும் அன்பையும் காட்டினார். அதனால் நகைத்தவர்கள் தம்மை இழிவுபடுத்தியதாக எண்ணவில்லை. தம்மை அறிந்த ஒருவர் கிடைத்தார் என்றே எண்ணினர்.

அன்னை வாத்து

இங்கிலாந்தில் கிறித்துமஸ் காலத்தில் பழங்கதைகளை ஆடலும் பாடலும் கலந்து நடிப்பது வழக்கம். அந்நாடகங்களைப் பாண்டோமைம் என்பர். அவற்றில் வரும் முதியவள் வேடத்தை ஆடவரே பூணுவர். இலண்டனில் புகழ்பெற்ற துரூரி லேன் நாடக அரங்கிற்கு 1888-ஆம் ஆண்டில் அகஸ்டஸ் ஹாரிஸ் என்பார் லெனோவை அழைத்தார். அதுமுதல் 1904-ஆம் ஆண்டின் தொடக்கம் வரை ஆண்டுதோறும் அவர் அவ்வரங்கில் நடித்தார். பேருடல் கொண்ட ஹெர்பர்ட் காம்பெல் என்னும் நடிகர் அவருக்கு இணையாக அமைந்தார். மலையும் மடுவும் போன்ற அவ்விருவரையும் ஒருங்கே காண்பதே மக்களுக்கு விருந்தாயிற்று.

1902-ஆம் ஆண்டில் லெனோவுக்கென்றே எழுதப்பெற்ற நாடகம் அன்னை வாத்து என்பது. அழகற்ற ஏழை முதியவள் ஒருத்திக்குப் பொன்முட்டையிடும் வாத்து ஒன்று கிடைக்கிறது. செல்வம் பெற்ற அவள், அதனோடு அமையாமல் அழகையும் விரும்புகிறாள். மாயக் குளத்தில் மூழ்கி அழகும் இளமையும் பெறுகிறாள். ஆயினும் அவளுக்கு மகிழ்ச்சி கிட்டவில்லை. இக்கதையை நடிக்கையில் லெனோ கண்டோரை நகைக்கவும் செய்தார், இரங்கவும் செய்தார். அதற்குமுன் வெறும் கேலிப்பொருளாக விளங்கிய முதியவள் வேடம் அவரால் உயிருள்ள மனிதப் பிறவியாயிற்று. அந்நாடகம் பிரிட்டனில் இன்றும் நடிக்கப்பெற்று வருகிறது.

அரசரின் விகடகவி

1901-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் ஏழாம் எட்வர்டு அரசர் சாண்டிரிங்காம் மாளிகையில் லெனோவின் நிகழ்ச்சியைக் கண்டு மகிழ்ந்தார். அரச முத்திரை பொறித்த ஊசியணி ஒன்றைப் பரிசளித்தார். அதுமுதல் மக்கள் லெனோவை அரசரின் விகடகவி என்று அழைத்தனர். அவர் பெயர் தாங்கிய சித்திர நகைச்சுவை வார இதழ் ஒன்று 1898, 1899-ஆம் ஆண்டுகளில் வெளிவந்தது. 1901 முதல் 1903 வரை ஏறத்தாழ 30 இசைத்தட்டுகளில் அவர் குரல் பதிவு செய்யப்பட்டது. அக்குரலை நாம் இன்றும் கேட்கலாம்.

பொருள் பெருகியபோதும் அவர் பழைய நாளை மறவாதவராய் விளங்கினார். நலிந்த கலைஞர்களுக்கு உதவும் பொருட்டுத் தொடங்கப்பட்ட வாட்டர் ராட்ஸ் என்னும் சங்கத்திற்கு மும்முறை தலைவராயிருந்தார். தம்மை நாடி வந்தோர்க்கு இல்லை என்னாது ஈந்தார்.

நோயும் மறைவும்

நகைச்சுவை வழங்குவோர் உள்ளத்தில் துயரமே இராது என்று எண்ணுதல் தவறு. ஒரே இரவில் பல அரங்குகளுக்கு விரைந்தோடிய உழைப்பு லெனோவின் உடலை நலிவித்தது. செவிப்புலன் குன்றியது. மதுவின் துணையை நாடியது அவருக்கு மேலும் கேடு விளைத்தது. ஷேக்ஸ்பியரின் அவல நாடகங்களில் நடிக்க வேண்டும் என்னும் வேட்கை அவரை வாட்டியது. தம் நகைச்சுவையைக் கண்டு உலகம் மகிழ, அவரோ வேறொருவராக விளங்க ஏங்கினார். 1903-ஆம் ஆண்டில் அவர் மனம் தடுமாறியது. சில திங்கள் மனநோய் மருத்துவமனையில் தங்க நேர்ந்தது.

உடற்பிணி போன்றதே மனப்பிணியும் என்று நாம் இன்று அறிவோம். அக்காலத்தில் அதனை இழிவெனக் கருதியோர் பலர். ஆயினும் அவ்வாண்டு இறுதியில் அவர் துரூரி லேன் அரங்கிற்குத் திரும்பியபோது, மக்கள் அவரை அன்போடு வரவேற்றனர். தம்மை இகழாது நகைப்பித்தவரை அவர்களும் இகழவில்லை.

1904-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் தோழர் காம்பெல் காலமானார். அத்துயரிலிருந்து லெனோ மீளவில்லை. அவ்வாண்டு அக்டோபர்த் திங்கள் 31-ஆம் நாள், நாற்பத்து மூன்றாம் வயதில் அவர் உலக வாழ்வை நீத்தார். அவரது இறுதி ஊர்வலம் சென்ற வழியெங்கும் மக்கள் திரண்டு நின்றனர். பல்லாண்டுகள் அவரால் நகைத்த கண்கள் அன்று நீர் சொரிந்தன.

முடிவுரை

டான் லெனோ நாடாண்டவர் அல்லர்; நூல் பல கற்றவரும் அல்லர். வறுமையில் பிறந்து, வறியோரோடு வளர்ந்து, அவர்தம் வாழ்வில் மறைந்துகிடந்த நகையைக் கண்டெடுத்து அவர்களுக்கே வழங்கியவர். கற்ற கலை கைகொடாதபோது சோர்வடையாமல் புதுவழி கண்டவர். பிறரை நகைக்கச் செய்ய விரும்புவோர், அந்நகையால் எவரேனும் தலைகுனிவரோ என்று ஒருமுறை எண்ணிப் பார்த்தல் வேண்டும். நம்மை நகைக்கச் செய்வோரிடத்தும் அவர்தம் துன்பத்தை அறியும் பரிவு நமக்கு வேண்டும். லெனோவின் வாழ்க்கை இவ்விரண்டையும் நமக்குக் கற்பிக்கிறது.