பேட்டையிலிருந்து கோட்டைக்கு: அமைச்சராகாத காயிதே மில்லத்

காயிதே மில்லத் என்ற பெயரைக் கேட்டிராத பிள்ளைகள் நம் வீடுகளில் குறைவு. ஆனால் அவர்கள் என்ன பதவி வகித்தார்கள் என்று கேட்டால், அமைச்சராக இருந்தார்கள் என்று பலரும் சொல்லிவிடுகிறார்கள். கண்ணியத்திற்குரிய முஹம்மது இஸ்மாயீல் சாஹிப் அவர்கள் ஒரு நாளும் அமைச்சராக இருந்ததில்லை. இருந்தும் ஒரு மாநில அரசில் யாரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதை நம் சமுதாயத்துக்கு அவர்களைப் போலக் கற்றுத் தந்தவர் வேறு எவரும் இல்லை என்றே நாம் கருதுகிறோம்.

அவர்கள் பிறந்தது 1896 ஜூன் 5ல், திருநெல்வேலி பேட்டையில். தந்தை மௌலவி மியாகான் ராவுத்தர் மார்க்க அறிஞர், வணிகர். சிறு வயதிலேயே தந்தையை இழந்த பிள்ளைக்குத் தாயாரே மார்க்கக் கல்வியைப் புகட்டினார். 1909ல், பதின்மூன்று வயதில், ஊரில் இளம் முஸ்லிம்களுக்கென ஒரு சங்கம் தொடங்கினார்கள். பின்னர் திருச்சியிலும் சென்னையிலும் கல்லூரிப் படிப்பு. 1920ல் ஒத்துழையாமை இயக்கம் அழைத்தபோது பட்டத் தேர்வை விட்டுவிட்டு வெளியே வந்தார்கள். அதன்பின் சென்னையில் தோல் வணிகம்.

அன்றைய தாமிரபரணிக் கரை மக்களுக்கு அரசு என்றால் ஊரில் கர்ணமும் முன்சீப்பும், தாலுகாவில் தாசில்தார், ஆற்றுக்கு அக்கரையில் கொக்கிரகுளத்தில் கலெக்டர். இவர்களுக்கெல்லாம் உத்தரவு சென்னைக் கோட்டையிலிருந்து வரும். அந்தக் கோட்டையைக் கேள்வி கேட்கும் உரிமை மக்களுக்கு மிகச் சிறிதளவே இருந்தது. 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம் வந்த பிறகுதான், தேர்ந்தெடுக்கப்பட்ட சட்டசபைக்குப் பதில் சொல்லும் அமைச்சரவை மாகாணங்களுக்குக் கிடைத்தது.

1946 தேர்தலில் சென்னை சட்டசபையின் 215 இடங்களில் முஸ்லிம் லீக் 28 இடங்களைப் பெற்றது. ஆளும் காங்கிரசுக்கு அடுத்த பெரிய கட்சி அதுவே. இஸ்மாயீல் சாஹிப் எதிர்க்கட்சித் தலைவரானார்கள். 1952 வரையிலான அந்த ஆறு ஆண்டுகளில் பிரகாசம், ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார், குமாரசாமி ராஜா என்று மூவர் அரசுக்குத் தலைமை வகித்தனர். எதிர்வரிசையின் தலைவர் மட்டும் மாறவில்லை.

எதிர்க்கட்சித் தலைவரால் ஒரு கோப்பில்கூடக் கையெழுத்திட முடியாது. ஆனால் அமைச்சரவை சபைக்குக் கட்டுப்பட்டது. வரி விதிக்கவும் செலவு செய்யவும் சபையின் ஒப்புதல் வேண்டும். துறைச் செயலாளரும் கலெக்டரும் செய்தவற்றுக்கு அமைச்சர் அங்கே எழுந்து பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதிலை வாங்குவதே எதிர்வரிசையின் வேலை.

அந்த வேலையை அவர்கள் செய்த காலம் இலேசானதல்ல. நாடு பிரிந்தபின் முஸ்லிம்கள் மீது சந்தேகப் பார்வை விழுந்தது. கட்சியைக் கலைத்துவிடச் சொல்லி வெளியிலிருந்தும் உள்ளிருந்தும் நெருக்கடி வந்தது. 1948 மார்ச் 10ல் சென்னை ராஜாஜி மண்டபத்தில் கூடிய கூட்டத்தில், கலைப்பதில்லை என்று முடிவாகி, இந்திய யூனியன் முஸ்லிம் லீகின் தலைமை அவர்களிடம் வந்தது.

அரசியல் நிர்ணய சபையிலும் அவர்கள் உறுப்பினர். தனித் தொகுதி முறை நீடிக்க வேண்டும் என்று வாதாடினார்கள். பொது சிவில் சட்டம் பற்றிய பிரிவு 1948 நவம்பரில் விவாதத்துக்கு வந்தபோது, எந்தச் சமூகமும் தன் தனியார் சட்டத்தைக் கைவிடக் கட்டாயப்படுத்தப்படலாகாது என்று திருத்தம் கொண்டுவந்தார்கள். இரண்டிலும் தோல்விதான். தனித் தொகுதி போனதால் 1952 தேர்தலில் சென்னை சட்டசபையில் லீகின் பலம் ஒற்றை இலக்கத்துக்குச் சுருங்கியது. அவர்கள் சபையை வெறுக்கவில்லை. வீதியில் இறங்கி மோதவும் சொல்லவில்லை. 1952 முதல் 1958 வரை மாநிலங்களவை, 1962 முதல் மஞ்சேரி தொகுதியின் சார்பில் மும்முறை மக்களவை என்று வாதாட்டத்தைத் தொடர்ந்தார்கள்.

அரசியல் சட்டம் அதிகாரங்களை மத்தியப் பட்டியல், மாநிலப் பட்டியல், பொதுப் பட்டியல் என மூன்றாகப் பிரித்தது. காவல்துறை, மருத்துவமனை, நிலம், உள்ளாட்சி ஆகியவை மாநிலத்துக்கு. திருமணம், வாரிசுரிமை, அறக்கட்டளைகள் பொதுப் பட்டியலில். ஆகவே சட்டமன்றம், நாடாளுமன்றம் இரண்டிலும் நமக்குக் குரல் தேவைப்பட்டது.

மாநில அதிகாரத்தின் வலுவை 1969ல் கண்கூடாகப் பார்த்தோம். 1967ல் அவர்கள் தலைமையிலான கட்சி தமிழகத்தில் தி.மு.க.வோடு தேர்தல் உடன்பாடு கண்டது. கேரளத்தில் நம்பூதிரிபாட் அமைச்சரவையில் பங்கு பெற்றது. அந்த அமைச்சரவை 1969 ஜூன் 16ல் மலப்புரம் மாவட்டத்தை உருவாக்கியது. ஒரு மாநிலத்தின் எல்லையை மாற்ற நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டும். மாவட்டத்தைப் பிரிக்க மாநில அரசே போதும். 1986ல் தூத்துக்குடியும் 2019ல் தென்காசியும் நம் நெல்லையிலிருந்து பிரிந்தது இந்த அதிகாரத்தால்தான்.

1972 ஏப்ரல் 5ல் அவர்கள் மறைந்தார்கள். சென்னை திருவல்லிக்கேணி வாலாஜா பெரிய பள்ளிவாசல் வளாகத்தில் அடக்கமாகியிருக்கிறார்கள்.

இன்று நம் மஹல்லாக்களில் பட்டா, உதவித்தொகை, கபரஸ்தான் நிலம் என்று எதற்கும் ஒரு பிரமுகரைத் தேடியே ஓடுகிறோம். கிராம நிர்வாக அலுவலர் செய்ய வேண்டியது எது, தாசில்தார் எது, கலெக்டர் எது, சட்டமன்ற உறுப்பினர் சபையில் கேட்க வேண்டியது எது என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவதில்லை. மக்தபில் மார்க்கம் படிக்கும் பிள்ளைக்கு இதையும் ஒரு பாடமாக வைப்போம். பேட்டையில் தாயாரிடம் மார்க்கம் பயின்ற பிள்ளைதான் பின்னாளில் கோட்டையில் கேள்வி கேட்டது.

அல்லாஹ் அன்னாரின் மண்ணறையை ஒளிமயமாக்குவானாக. ஆமீன்.