குசுமாசன தேவி (டோனா கத்தரினா)

கண்டி மன்னன் கரலியத்தே பண்டாரவின் மகளே குசுமாசன தேவி. 1582ஆம் ஆண்டளவில் சீதாவாக்கை மன்னன் முதலாம் இராஜசிங்கன் கண்டியைக் கைப்பற்றினான். மன்னன் குடும்பத்துடன் திருகோணமலைப் பக்கம் தப்பிச் சென்றான். அங்கு பெற்றோர் இருவரும் அம்மை நோயால் இறந்தனர்.

அநாதையான சிறுமிக்குப் போர்த்துக்கேயர் ஞானஸ்நானம் வழங்கி, டோனா கத்தரினா எனப் பெயரிட்டு, மன்னாரில் வளர்த்தனர். கண்டியின் அரசுரிமை அவளிடம் இருந்தமையே இதற்குக் காரணமாகும்.

1594இல் அவளை அரசியாக்கும் நோக்குடன் கண்டிக்குப் படையெடுத்த போர்த்துக்கேயர் தந்துறையில் தோல்வியடைந்தனர். வெற்றி பெற்ற முதலாம் விமலதர்மசூரியன் அவளை மணந்து தன் அரசுரிமையை உறுதிப்படுத்தினான். 1604இல் அவன் இறந்தபின் செனரத் மன்னன் அவளை மணந்தான். 1613இல் அவள் காலமானாள்.

1638இல் கன்னொறுவையில் போர்த்துக்கேயரை வென்ற இரண்டாம் இராஜசிங்கன் இவளது மகனாவான். பெற்றோரை இழந்து அந்நியரிடம் வளர்ந்த சிறுமி, தந்தையின் நாட்டுக்கே திரும்பி, கண்டி அரச வம்சத்தின் தாயானாள்.