தெளிகோட்டு ஓவியர் எர்ஜே

சொல்லால் கதை புனைவோர் பலர். கோட்டால் கதை புனைவோர் சிலர். அச்சிலருள் சிறந்தவராக வைத்து எண்ணப்படுபவர் எர்ஜே ஆவார்.

இவர் 1907ஆம் ஆண்டு மே 22ஆம் நாள், பெல்ஜியத் தலைநகராகிய பிரஸ்ஸல்ஸை அடுத்த எட்டர்பீக்கில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ஜோர்ஜ் ரெமி. அப்பெயரின் முதலெழுத்துகளை முன்பின்னாக மாற்றிப் பிரெஞ்சு முறையில் ஒலித்தால் எர்ஜே என வரும். அதனையே தம் புனைபெயராகக் கொண்டார்.

பள்ளிச் சுவடிகளின் ஓரங்களில் படம் வரைந்து பழகிய அவர், பின்னர் ஒரு செய்தித்தாள் நிலையத்தில் பணியேற்றார். அத்தாளின் சிறுவர் இணைப்பில் 1929 ஜனவரி 10 அன்று டின்டின் என்னும் இளஞ்செய்தியாளனும் அவனுடைய வெண்ணிற நாயும் தோன்றினர். படத்தின் கீழே கதையை எழுதுவதே அந்நாளில் ஐரோப்பாவில் பெருவழக்கு. எர்ஜேயோ பாத்திரங்களின் வாயருகே குமிழி வரைந்து, அதனுள் அவர்தம் பேச்சை அமைத்தார்.

ஆயினும், தொடக்கத்தில் அவர் காணாத நாடுகளைக் கேள்வியறிவு கொண்டே தீட்டினார். 1930இல் தொடங்கிய காங்கோக் கதையில் ஆப்பிரிக்க மக்களை இழிவாகக் காட்டினார். அக்குறை இன்றளவும் கண்டிக்கப்படுகின்றது. அடுத்துச் சீனத்தைப் பற்றி வரையப் புகுந்தபோது, 1934ஆம் ஆண்டில், பிரஸ்ஸல்ஸில் கலை பயின்ற சாங் சோங்ரென் என்னும் சீன இளைஞரின் நட்பு வாய்த்தது. ஒத்த வயதினராகிய அந்நண்பர் தம் நாட்டின் வரலாற்றையும் வாழ்வையும் அவருக்கு உணர்த்தினார். ‘நீலத் தாமரை’ என்னும் கதை அந்நட்பின் பயனாய் மலர்ந்தது. அதுமுதல் எர்ஜே ஆராய்ந்தே வரைந்தார்.

இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மானியர் பிடியிலிருந்த நாளிதழொன்றில் அவர் தொடர்ந்து வரைந்தார். அதனால் 1944இல் நாடு விடுதலையுற்றபின் பழிக்கு ஆளாகி, ஏறத்தாழ ஈராண்டு இதழ்களில் வரைய இயலாதிருந்தார். 1946இல் ‘டின்டின்’ வார இதழ் தோன்றவே, மீண்டும் தூரிகை எடுத்தார்.

சீரான கோடு, நிழல் கலவாத வண்ணம், நுண்ணிய பின்னணி ஆகிய இவையே அவரது நெறி. 1977இல் டச்சு ஓவியர் யோஸ்ட் ஸ்வார்ட்டெ அதற்குத் ‘தெளிகோடு’ எனப் பெயரிட்டார். ‘ஸ்பிரூ’ இதழைச் சார்ந்த பிராங்கன் முதலியோர், தடித்தும் மெலிந்தும் துள்ளும் கோட்டால் வேறொரு நெறியை வளர்த்தனர். பெல்ஜியப் படக்கதைக்கு இவ்விரண்டும் இரு கண்களாயின.

சாங் தாயகம் சென்றபின் இருவரும் நெடுங்காலம் பிரிந்திருந்தனர். காணாமற்போன சாங்கைத் தேடி டின்டின் திபெத்துக்குச் செல்லும் கதையை எர்ஜே 1958இல் தொடங்கினார். 1981இல் நண்பர் இருவரும் மீண்டும் கண்டு மகிழ்ந்தனர். 1983 மார்ச் 3ஆம் நாள் எர்ஜே மறைந்தார்.

மாணவர்களே! கைத்திறம் கோட்டைத் தெளிவாக்கும். பிறரை நேரில் அறிந்து உணரும் பண்பே கருத்தைத் தெளிவாக்கும் என்பதை இவர் வாழ்வினின்றும் கற்போமாக.