நரம்பளந்து இசை மீட்ட அடிகள்

பாட்டின் நயம் உணர்ந்தோர் எல்லாரும் பாடவல்லார் அல்லர். செவி ஓசையின் நுட்பத்தை நன்கு அறியும். மிடறோ அதனை வெளியிட அஞ்சும். தம் குரலில் நம்பிக்கையில்லாத ஒருவர் ஒரு பாட்டைப் பின்வருவோர்க்காகப் பதிந்து வைத்தல் கூடுமோ? ஒலிப்பதிவுக் கருவி உள்ளங்கையில் அடங்கிவிட்ட இந்நாளிலும் இவ்வினா தீர்ந்தபாடில்லை. ஆசிரியர் பலர் கூச்சத்தினால் தேவாரத்தையும் உரைநடைபோல் வாசித்துக் கடந்து செல்கின்றனர். அவர் தம்முள் யானும் ஒருவனாதலின், இவ்வினாவிற்கு விடையாக எங்கள் மட்டக்களப்பு நாடு ஈன்ற பெரியார் ஒருவரது வாழ்க்கையை ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றேன். அவரே விபுலானந்த அடிகளார்.

அடிகளார் மேடையேறிப் பாடிப் புகழ்பெற்றவர் அல்லர். கணிதமும் பௌதிகமும் கற்பித்த ஆசிரியர் அவர். எனினும் பல நூற்றாண்டுகளாக வழக்கொழிந்து, பெயரளவில் நின்ற யாழையும் அதன் இசையையும் மீண்டும் ஏட்டிற் பதிந்து தந்தவர் அவரே. இஃது எங்ஙனம் இயன்றது என்பதே நாம் காணவேண்டுவது.

மட்டக்களப்பிற்குத் தெற்கே, கல்முனையை அடுத்துக் கடலோரம் அமைந்த காரைதீவில் 1892 ஆம் ஆண்டு அவர் பிறந்தார். பெற்றோர் சாமித்தம்பியும் கண்ணம்மையும் இட்ட பெயர் மயில்வாகனம். காரைதீவு கண்ணகியம்மன் கோயில் கொண்ட ஊர். எங்கள் நாட்டிலே சிலப்பதிகாரத் தலைவி ஏட்டளவில் நிற்பவள் அல்லள். ஆண்டுதோறும் வைகாசித் திங்களில் வழக்குரை படித்துக் குளிர்த்தி பாடி வழிபடப்படும் தெய்வம் ஆவாள். சிலப்பதிகாரத்தை உரையுடன் டாக்டர் உ. வே. சாமிநாதையர் முதன்முதல் அச்சேற்றிய ஆண்டும் அதே 1892. இளங்கோவடிகளின் நூல் அச்சில் உலவத் தொடங்கிய ஆண்டிலேயே, அந்நூலின் இசைப்பகுதிக்கு விளக்கங் காண இருந்த குழந்தையும் பிறந்தது.

இளமையில் ஊரிலே தமிழ் பயின்று, கல்முனையிலும் பின்னர் மட்டக்களப்பு அர்ச். மிக்கேல் கல்லூரியிலும் ஆங்கிலக் கல்வி பெற்றார். பதினாறாம் வயதிற் கேம்பிரிட்ஜ் தேர்விற் சித்தியெய்தினார். அவர் கல்வி அதன்பின் இரு கிளையாக வளர்ந்தது. ஒருபால் கொழும்பிலே விஞ்ஞானம் பயின்று, 1920 இல் இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டதாரியானார். மறுபால் 1916 இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதத் தேர்வில் வெற்றி பெற்றார். யாழ்ப்பாணத்து அர்ச். பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்தார். மானிப்பாய் இந்துக் கல்லூரிக்கு அதிபராகவும் இருந்தார். இவ்விரு கிளைகளும் ஒன்றோடொன்று தொடர்பற்றன என்றே அந்நாளிற் பலரும் எண்ணியிருத்தல் கூடும். பிற்காலத்து யாழ் நூல் இவ்விரண்டும் கூடியவிடத்தே முளைத்தது.

1922 இற் சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தைச் சார்ந்து, 1924 இல் துறவு பூண்டு விபுலானந்தர் ஆனார். 1925 இல் ஈழம் மீண்டு பள்ளிகளைப் பேணுந் தொண்டில் ஈடுபட்டார். மட்டக்களப்பு வாவிக்கரையில், கல்லடி உப்போடையிற் சிவானந்த வித்தியாலயம் 1929 இல் அவர் முயற்சியால் எழுந்தது. 1931 முதல் 1933 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலே தமிழ்ப் பேராசிரியராக விளங்கினார். பின்னர் இமயச் சாரலில் மாயாவதி ஆசிரமத்திலிருந்து பிரபுத்த பாரத என்னும் இதழை நடத்தினார். 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். ஈழத்துக்கும் இந்தியாவுக்குமாக அலைந்த இவ்வாழ்க்கையினூடே, ஏறத்தாழப் பதினான்கு ஆண்டு யாழாராய்ச்சி நீங்காத் துணையாய் உடன் வந்தது.

ஆராய்ச்சிக்கு அவர் கையிற் கிடைத்தவை யாவை? யாழின் வடிவைப் புனைந்துரைக்கும் பத்துப்பாட்டு அடிகள். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையும் அதற்கு அடியார்க்குநல்லார் வரைந்த உரையும். தேவாரப் பதிகங்களின் தலைப்பிலே நிற்கும் பண்ணின் பெயர்கள். இவையெல்லாஞ் சொற்களே. இவற்றுள் ஒன்றேனும் ஒலியன்று. மீட்டிக் காட்டக் கருவியில்லை. பாடிக் காட்ட அவ்வழி வந்த பாணருமில்லை. குரல்வளம் மிக்க ஒருவர் இந்நிலையிற் புகுந்திருப்பின், தாம் பழகிய இராகங்களையே பழம்பண்ணென்று பாடி மயங்கியிருத்தலுங் கூடும். அடிகளார் மிடற்றை நாடாது அளவுகோலை நாடினார்.

பழந்தமிழிசையின் ஏழு நரம்புகள் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்பன. இவற்றிற்கு முறையே 4, 4, 3, 2, 4, 3, 2 என அலகு வகுத்தனர் முன்னோர். கூட்டினால் 22 ஆகும். குரலினின்று இளி வரை ஏறுங்கால் துத்தத்தின் 4, கைக்கிளையின் 3, உழையின் 2, இளியின் 4 எனப் 13 அலகு கடக்கின்றோம். விளரியின் 3, தாரத்தின் 2, மேற்குரலின் 4 என எஞ்சியன 9. இனிப் பௌதிகம் கூறுவதைக் காண்போம். இழுத்துக் கட்டிய தந்தியைப் பாதியில் அழுத்தி மீட்டினால் மேற்குரல் பிறக்கும். மூன்றில் இரண்டு பங்கு நீளத்தில் மீட்டினால் இளி பிறக்கும். இவ்விகிதம் எந்நாட்டிலும் எக்காலத்திலும் மாறுவதன்று. அங்ஙனமாயின், ஏட்டிலுள்ள அலகைத் தந்தியின் நீளமாக மாற்றலாம். நீளத்தை ஒலியாக மாற்றலாம். பாடுவோர் இல்லாதொழிந்த பாட்டிற்கு இவ்வாறு ஒரு வழி திறந்தது.

அவ்வழியே சென்று, ஒவ்வொரு நரம்பையும் குரலாகக் கொண்டு திரிக்குங்கால் பிறக்கும் செம்பாலை, படுமலைப்பாலை முதலிய எழுபாலைகளை அவர் கணித்தார். அவற்றினின்று பண்களையும், பண்களினின்று தேவார இசையையும் ஆராய்ந்தார். வில்யாழ், பேரியாழ், மகரயாழ், சகோடயாழ், செங்கோட்டியாழ் என்பவற்றின் அமைப்பை விளக்கினார். பாயிரவியல் முதல் ஒழிபியல் ஈறாக ஏழு இயல்களில் நூல் நிறைவெய்திற்று. கரந்தைத் தமிழ்ச் சங்கம் அதனை 1947 இல் வெளியிட்டது.

இவ்விடத்தே ஒரு தடையை எழுப்புவார் உளர். எண் இசையாகுமோ? இளிக்குரிய இடம் இதுவெனக் காட்டலாம். அவ்விடத்தே குரல் குழைந்து அசையும் அசைவை எவ்விகிதங் காட்டும்? இத்தடை பொருளுடைத்து. கமகம் கணக்கில் அகப்படுவதன்று. பழம்பாணர் பாடியவாறே யாழ் நூல் பாடிக் காட்டிவிட்டது என்று யான் சொல்லேன். அறிஞரிடையே அலகுகளின் கணக்குப் பற்றியே கருத்து வேறுபாடு உண்டு. தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917 இல் வெளியிட்ட கருணாமிர்த சாகரத்தில் 24 சுருதிகளை நிலைநாட்ட முயன்றமை யாவரும் அறிந்ததே. ஆயினும் அளந்து எழுதியதற்கு ஒரு சிறப்பு உண்டு: பிறர் அதனைச் சரிபார்க்கலாம், மறுக்கலாம், திருத்தலாம். குரலொன்றையே நம்பிய இசை குரலோடு மடிகின்றது. அளவு எழுதப்பட்ட இசையோ அடுத்தவர் கைக்காகக் காத்திருக்கின்றது.

அடுத்தவர் கை வேண்டுமென்பதை அடிகளாரும் உணர்ந்திருந்தார் என்பதற்கு நூலின் அரங்கேற்றமே சான்று. 1947 ஆம் ஆண்டு யூன் 5, 6 ஆந் திகதிகளில் சோழநாட்டுத் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அது நிகழ்ந்தது. அத்தலம் திருஞானசம்பந்தர் பாடல் பெற்றது. அப்பிள்ளையாரோடு யாழேந்திச் சென்றவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர் என்பது வரலாறு. கோனூர் சமீன்தார் பெ. ராம. ராம. சிதம்பரஞ் செட்டியார் பொருளுதவி புரிந்தார். அடிகளாரின் கணக்கின்படி செய்யப்பெற்ற இசைக்கருவிகள் ஊர்வலமாக எடுத்துச் செல்லப்பட்டன. சங்கீதபூஷணம் க. பொ. சிவானந்தம்பிள்ளை யாழை மீட்டினார். கணக்கிட்டவர் ஒருவர், மீட்டியவர் மற்றொருவர். தாம் அளந்து எழுதியதைத் தாமே பாடியும் காட்டவேண்டும் என்னும் கட்டாயம் அங்கே இல்லை. கூச்சமுடைய ஆசிரியர்க்கு இதனினும் சிறந்த ஆறுதல் யாது?

அரங்கேற்றத்தின்பின் அடிகளார் நெடுநாள் வாழ்ந்தாரல்லர். ஆறு வாரங் கழித்து, 1947 யூலை 19 இற் கொழும்பிலே இறைவனடி எய்தினார். அவருடல் கல்லடி உப்போடைக்குக் கொணரப்பட்டு, அவர் வளர்த்த சிவானந்த வித்தியாலய வளவிலே சமாதி வைக்கப்பட்டது. எழுத்துப்பணி இன்னும் ஓராண்டு தாழ்த்திருப்பின் நூல் நிறைவேறாதே போயிருக்கும். பதிவுப் பணிக்கு நாளை என்பது இல்லை.

கல்லடி வாவியிலே முழுமதி நாளிரவு நீருள்ளிருந்து இன்னோசை எழும் என்பதும், துடுப்பை நீரில் ஊன்றி அதன் மறுநுனியிற் செவிவைத்தோர் அதனைக் கேட்பர் என்பதும் பலரறிந்த செய்தி. பாடும் மீன் என்று அதனைச் சொல்வர். அடிகளார் அதனை நீரரமகளிர் இசையாக வைத்துப் பாட்டியற்றினார். பிற்காலத்தில் ஒலிவாங்கியை நீருள் இறக்கி அவ்வோசையைப் பதிந்தோரும் உளர். மீனின் ஓசைக்கு இத்துணை முயற்சி உண்டு. அதே வாவிக்கரை வயல்களிலும் முற்றங்களிலும் மனிதர் பாடிய பாட்டுக்கோ?

தி. சதாசிவ ஐயர் 1940 இல் மட்டக்களப்பு வசந்தன் கவித்திரட்டை அச்சேற்றினார். அத்திரட்டு இல்லையேல் அச்சொற்களிற் பல மறைந்திருக்கும். ஆனால் அச்சிட்ட சொல்லினின்று மெட்டை அறிய முடியாது. மெட்டறிந்த முதியோர் குறைந்து வருகின்றனர். கருவியை நீட்டினால், குரல் போய்விட்டது தம்பி என்று மறுக்கும் மூதாட்டியரை யான் கண்டிருக்கிறேன். அவர் மறுத்தவிடத்து, கேட்டறிந்த நாம் பாடவேண்டும்; நம் குரலோ பயிலாதது. பயிலாக் குரலாயினும் ஆகுக. மெட்டு ஏறும் இடமும் இறங்கும் இடமும் தெளிவாயின், தாளக்கட்டு வழுவாதாயின், எங்கே கற்றோம் யாரிடங் கேட்டோம் என்பதும் உடன் சொல்லப்படுமாயின், அப்பதிவு பயன்படும். குரல்வளம் உடைய ஒருவர் பின்னர் வந்து அதனைச் செம்மையாகப் பாடிக்கொள்வர்.

எங்கள் வகுப்பில் யாழியல் பாடம் வரும்போதெல்லாம் பலகையொன்றில் ஒரு தந்தியை இறுக்கிக் கட்டி, முழு நீளத்தையும் மூன்றாகப் பகுத்துக் கோடிடச் சொல்வேன். இரண்டு பங்கு எல்லையில் மாணாக்கன் விரல் வைத்து மீட்டுவான். இளி ஒலிக்கும். எந்த மாணாக்கன் மீட்டினாலும் ஒலிக்கும். அவன் பாடவல்லனோ என்று தந்தி கேட்பதில்லை.