பொம்மையை வைத்துப் பிரசவம் கற்பித்த அம்மையார்

குழந்தை தலை முன்னே வராமல் கால் முன்னே வந்தால் என்ன செய்வது? வயிற்றில் குறுக்கே கிடந்தால் எப்படித் திருப்புவது? 18-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு நாட்டுக் கிராமங்களில் இந்தக் கேள்விகளுக்கு விடை தெரிந்தவர்கள் மிகச் சிலரே.

பிரசவம் பார்க்க ஊருக்கு ஒரு கிழவி இருப்பாள். சுகப் பிரசவம் என்றால் அவளே போதும். சிக்கல் வந்துவிட்டால் கைக்கு அகப்பட்டதைப் பிடித்து இழுப்பாள். பிள்ளை போகும். பல வீடுகளில் தாயும் போவாள். ரண வைத்தியரை அழைத்தாலும் பயன் குறைவு. அவர்களிலும் பலர் பிரசவ வைத்தியத்தை முறையாகப் படித்தவர்கள் அல்ல.

இந்த நிலையை மாற்றப் புறப்பட்டவர் ஒரு பெண். அவர் பெயர் ஆஞ்சலிக் து கூத்ரே.

அவர் பிறந்தது 1712-ஆம் ஆண்டு வாக்கில். பாரிஸ் நகரில் மூன்று ஆண்டுகள் தொழில் பழகி, தேர்வு எழுதி, 1740-ல் மருத்துவச்சியாக அனுமதி பெற்றார். சில ஆண்டுகளில் ஒரு தகராறு வந்தது. மருத்துவச்சிகளுக்குப் பாடம் சொல்ல ரண வைத்தியர்கள் மறுத்தார்கள். மருத்துவச்சிகள் ஒன்றுகூடி மனுக் கொடுத்தார்கள். அதில் கூத்ரே அம்மையாரும் கையெழுத்திட்டார். பிற்காலத்தில் ரண வைத்தியர்களே அவரிடம் பாடம் கேட்க வந்தார்கள் என்பது வேடிக்கைதான்!

1750-களில் அவர் பாரிசை விட்டு ஓவெர்ன் என்ற மலை நாட்டுக்குப் போனார். அங்கே கிராமத்துப் பெண்களுக்கு இலவசமாகப் பிரசவ வைத்தியம் கற்பித்தார். அப்போது ஒரு தொல்லை ஏற்பட்டது. அந்தப் பெண்களில் பெரும்பாலோர் எழுத்து வாசனை அறியாதவர்கள். கருப்பை, இடுப்பெலும்பு என்று அவர் விளக்கினால் ஒன்றும் புரியாமல் விழித்தார்கள். கண்ணால் பார்க்காததை மனத்தில் எப்படி வாங்கிக்கொள்வது?

தோலும் துணியும்

அம்மையார் யோசித்தார். வாயால் சொல்லிப் புரியாததைக் கையால் தொட்டுப் பார்த்தால் புரியும் அல்லவா? துணி, தோல், பஞ்சு இவற்றைக் கொண்டு ஒரு பெண்ணின் இடுப்புப் பகுதியைத் தைத்தார். அளவு சற்றும் பிசகவில்லை. அதற்குள் வைக்கக் குழந்தைப் பொம்மை ஒன்றும் செய்தார். இரட்டைக் குழந்தைகளும் உண்டு. தொப்புள்கொடியும் நஞ்சுக்கொடியும்கூட உண்டு.

குழந்தைப் பொம்மையின் கழுத்து வளையும். வாய் திறந்திருக்கும், உள்ளே நாக்கும் இருக்கும். இது அழகுக்காக அல்ல. கால் முன்னே வரும் குழந்தைக்குத் தலை சிக்கிக்கொள்வதுதான் பெரிய கண்டம். அப்போது வாய்க்குள் மெல்ல விரலை விட்டு, முகவாயைத் தாழ்த்தித் தலையை வெளியே கொண்டுவர வேண்டும். இழுத்தால் கழுத்துக்கு ஆபத்து. இதைப் பொம்மையிலே பத்துத் தடவை செய்து பார்க்கலாம். தவறினாலும் உயிர் போகாது!

1758-ல் பாரிஸ் ரண வைத்தியக் கழகம் இந்தப் பொம்மையை அங்கீகரித்தது. மறு ஆண்டு அம்மையாரின் பாடப் புத்தகம் வெளிவந்தது. அதே 1759-ல் மன்னர் பதினைந்தாம் லூயி, நாடெங்கும் சென்று கற்பிக்க அவருக்கு உத்தரவு கொடுத்தார். மன்னருக்கும் காரணம் இருந்தது. அப்போது ஏழாண்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. நாட்டில் மக்கள் தொகை குறைகிறது என்ற கவலை அரண்மனையைப் பிடித்திருந்தது.

ஊர் ஊராக

1783 வரை அம்மையார் ஊர் ஊராகச் சுற்றினார். ஒவ்வோர் ஊரிலும் ஏறக்குறைய இரண்டு மாதம் வகுப்பு நடக்கும். சுற்றுக் கிராமங்களிலிருந்து பெண்கள் வருவார்கள். ஒருத்தி மாற்றி ஒருத்தி பொம்மையில் பிரசவம் பார்ப்பாள். அம்மையார் பக்கத்தில் நின்று திருத்துவார். நாற்பதுக்கு மேற்பட்ட ஊர்களில் ஏறத்தாழ 5,000 பெண்கள் இப்படிக் கற்றார்கள்.

அவர் போய்விட்டால் பாடம் நின்றுவிடக் கூடாதே! அதற்கும் வழி செய்தார். உள்ளூர் ரண வைத்தியர்களுக்குத் தனியாகப் பயிற்சி கொடுத்தார். ஊரார் ஒரு பொம்மையை விலைக்கு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். பயிற்சி பெற்ற வைத்தியர் அதைக் கொண்டு அடுத்தடுத்த பெண்களுக்குக் கற்பிக்க வேண்டும். ஒரு பெண்ணிடம் பாடம் கேட்பதா என்று சில வைத்தியர்கள் முறைத்துக்கொண்டதும் உண்டு. அம்மையார் அசையவில்லை. கையில்தான் மன்னரின் உத்தரவு இருக்கிறதே!

அவர் அடக்கமே உருவானவர் என்று சொல்ல முடியாது. தம் மதிப்பை நன்கு அறிந்தவர். 1767-ல் ஆண்டுக்கு 8,000 லிவர் சம்பளம் பெற்றார். அது அந்தக் காலத்தில் பெருந்தொகை. கிராமத்துக் கிழவிகளைப் பற்றி அவர் மிகக் கடுமையாகவே எழுதினார். அவ்வளவு கடுமை தேவையில்லைதான். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாதது அவர்கள் குற்றமா?

1789-ல் புரட்சி வெடித்தது. ஆதரித்த அரச குலம் வீழ்ந்தது. முதுமையில் அவர் போர்தோ நகரில் மருமகளின் ஆதரவில் இருந்தார். அந்த மருமகளும் அவரிடமே தொழில் பழகி, அந்நகரில் மருத்துவச்சிகளுக்குப் பாடம் சொன்னவர். 1794 ஏப்ரலில் கூத்ரே அம்மையார் அங்கே காலமானார்.

பொம்மையில் பழகும் வழக்கம் அவரோடு மறையவில்லை. 1991-ல் அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலக் குடும்ப வைத்தியர்கள், பிரசவ அவசர நிலைமைகளுக்கென ஒரு மேற்பயிற்சியைத் தொடங்கினார்கள். பின்னர் அது பல நாடுகளுக்கும் பரவியது. குழந்தையின் தோள் சிக்கிக்கொண்டால், கால் முன்னே வந்தால் என்ன செய்வது என்பதை, பட்டம் பெற்ற டாக்டர்கள் அதில் பொம்மையின் மீது செய்து பழகுகிறார்கள்.

அம்மையாரின் பொம்மைகளில் ஒன்று பிரான்சில் ரூவான் நகரத்து அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கிறது. துணி வெளுத்துவிட்டது, தையல் விடவில்லை. அதை எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்தார்கள். துணிக்கும் பஞ்சுக்கும் நடுவே, உண்மையான ஒரு பெண்ணின் இடுப்பெலும்பு இருந்தது.