பவுல் லாங்கர்ஹான்ஸ்

பவுல் லாங்கர்ஹான்ஸ் (ஜூலை 25, 1847 – ஜூலை 20, 1888) ஒரு செருமானிய மருத்துவரும் நோயியல் அறிஞரும் ஆவார். தோலில் உள்ள லாங்கர்ஹான்ஸ் உயிரணுக்களும், கணையத்தில் உள்ள லாங்கர்ஹான்ஸ் திட்டுகளும் இவர் பெயரால் அழைக்கப்படுகின்றன. இவ்விரண்டையும் இவர் மருத்துவ மாணவராக இருந்தபோதே கண்டறிந்தார். ஆனால் அவற்றின் பணி என்ன என்பது இவரது வாழ்நாளில் அறியப்படவில்லை.

இளமையும் கல்வியும்

லாங்கர்ஹான்ஸ் பெர்லின் நகரில் பிறந்தார். இவரது தந்தையும் மருத்துவரே. யேனா பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயிலத் தொடங்கிய இவர், அங்கு விலங்கியல் அறிஞர் எர்ன்ஸ்ட் ஹேக்கலிடம் கற்றார். பின்னர் பெர்லினில் புகழ்பெற்ற நோயியல் அறிஞரான ருடால்ஃப் விர்ச்சோவின் மாணவரானார்.

தோலில் கண்ட உயிரணுக்கள்

1868 ஆம் ஆண்டு, தம் 21 ஆம் அகவையில், மனிதத் தோலின் நரம்புகளைப் பற்றி லாங்கர்ஹான்ஸ் ஒரு கட்டுரை வெளியிட்டார். இதற்காக அவர் தோல் துண்டுகளைத் தங்கக் குளோரைடு கொண்டு சாயமேற்றி நுண்ணோக்கியால் ஆராய்ந்தார். மேல்தோலில் மரக்கிளைகள் போன்ற நீட்சிகளுடன் கரிய உயிரணுக்கள் தென்பட்டன. தங்கக் குளோரைடு நரம்புகளைக் காட்டப் பயன்பட்ட சாயம் ஆகும். உயிரணுக்களின் வடிவமும் நரம்பணுக்களை ஒத்திருந்தது. ஆகவே அவை நரம்பு மண்டலத்தைச் சேர்ந்தவை என்று அவர் கருதினார். வடிவம் பற்றிய வருணனை சரியாக இருந்தது. அதிலிருந்து பெற்ற முடிவு தவறாக அமைந்தது.

கணையத் திட்டுகள்

1869 இல் சமர்ப்பித்த முனைவர் பட்ட ஆய்வேட்டில், முயலின் கணையத்தை ஆராய்ந்து, சுற்றியுள்ள இழையத்திலிருந்து வேறுபட்ட சிறு உயிரணுக் கூட்டங்களை விவரித்தார். அவற்றின் பணி பற்றி விளக்கம் எதையும் அவர் தரவில்லை. 1893 இல் பிரெஞ்சு அறிஞர் எடுவார்ட் லாகுவெஸ் அவற்றுக்கு லாங்கர்ஹான்ஸ் திட்டுகள் எனப் பெயரிட்டார். இன்சுலின் அங்கிருந்துதான் சுரக்கிறது. இலத்தீன் மொழியில் தீவைக் குறிக்கும் சொல்லிலிருந்தே இன்சுலின் என்னும் பெயர் பிறந்தது.

போரும் நோயும்

1870 இல் புவியியலாளர் ஹைன்ரிச் கீப்பர்ட்டுடன் மேற்கு ஆசியப் பகுதிகளில் பயணம் மேற்கொண்டார். பிரான்சு–பிரசியப் போரில் மருத்துவப் பணியாற்றினார். 1871 இல் ஃப்ரைபுர்க் பல்கலைக்கழகத்தில் பணியேற்று, பின்னர் பேராசிரியரானார். 1874 இல் காசநோய் அவரைத் தாக்கியது. அக்காலத்தில் இந்நோய்க்கு மருந்து இல்லை; அதன் கிருமியை ராபர்ட் கோக் அறிவித்ததே 1882 இல்தான். நல்ல தட்பவெப்பம் உள்ள இடங்களுக்கு நோயாளிகளை அனுப்புவதே வழக்கமாக இருந்தது. இத்தாலி, சுவிட்சர்லாந்து ஆகிய நாடுகளில் தங்கியும் குணம் பெறாத லாங்கர்ஹான்ஸ், பல்கலைக்கழக வாழ்வைத் துறந்து 1875 இல் போர்த்துகலுக்கு உரிய மதீரா தீவை அடைந்தார்.

மதீராவில்

உடல்நிலை ஓரளவு தேறியதும் அத்தீவின் தலைநகரான ஃபுன்சலில் மருத்துவத் தொழில் புரிந்தார். கடற்புழுக்களை ஆராய்ந்து கட்டுரைகள் எழுதினார். புழுப் பேரினம் ஒன்றுக்குத் தம் ஆசிரியர் விர்ச்சோவின் பெயரைச் சூட்டினார். மதீராவைப் பற்றி ஒரு கையேட்டையும் 1885 இல் வெளியிட்டார். அதே ஆண்டில் திருமணம் செய்துகொண்டார். 1888 இல் சிறுநீரகம் செயலிழந்து, தம் 41 ஆம் பிறந்த நாளுக்கு ஐந்து நாட்களுக்கு முன் காலமானார். ஃபுன்சலில் உள்ள பிரித்தானியக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

பிற்கால ஆய்வுகள்

1973 இல் ரால்ஃப் ஸ்டைன்மன், சான்வில் கோன் ஆகியோர் எலியின் மண்ணீரலில் கிளைத்த வடிவமுடைய உயிரணுக்களைக் கண்டு, அவற்றுக்கு டென்ட்ரைடிக் செல்கள் (கிளைத்த உயிரணுக்கள்) எனப் பெயரிட்டனர். இவை நோய்க்கிருமியின் கூறுகளை எடுத்து டி உயிரணுக்களுக்குக் காட்டி, நோய் எதிர்ப்பைத் தொடங்கி வைப்பவை. லாங்கர்ஹான்ஸ் கண்ட தோல் உயிரணுக்களும் இப்பணியைச் செய்கின்றன என்பது தெளிவாயிற்று. எனினும் எலிகளில் நடந்த பிற்கால ஆய்வுகள், அவை தோற்றத்தில் பெருவிழுங்கி உயிரணுக்களுக்கு நெருங்கியவை எனக் காட்டின.

மனிதக் குருதியில் கிளைத்த உயிரணுக்கள் வெள்ளையணுக்களில் ஏறத்தாழ 1 விழுக்காடு அல்லது அதற்கும் குறைவாகவே உள்ளன. அவை பொதுவாக மூன்று வகைகளாகப் பிரிக்கப்படுகின்றன:

• முதல் மரபு வகை: சிடி141 என்னும் மேற்பரப்புப் புரதத்தைக் கொண்டது. இறந்த உயிரணுக்களின் கூறுகளை எடுத்து, கொல்லும் டி உயிரணுக்களைத் தூண்டவல்லது.
• இரண்டாம் மரபு வகை: சிடி1சி என்னும் புரதத்தைக் கொண்டது. முதல் வகையை விட எண்ணிக்கையில் மிகுதியானது; உதவி டி உயிரணுக்களைத் தூண்டுவது.
• பிளாஸ்மா அணு போன்ற வகை: தீநுண்மத் தொற்றின்போது இன்டர்ஃபெரானைப் பெருமளவில் சுரப்பது.

2017 இல் ஒவ்வோர் உயிரணுவின் மரபுச் செயற்பாட்டையும் தனித்தனியே ஆராய்ந்த ஆய்வொன்று, குருதியில் உள்ளவற்றை ஆறு வகைகளாகப் பிரித்தது. லாங்கர்ஹான்ஸ் வடிவத்தைக் கொண்டு தொடங்கிய வகைப்பாடு, இன்று புரதங்களையும் மரபணுக்களையும் கொண்டு செய்யப்படுகிறது.